ஸ்டிக்கர் உரிக்க உட்காரும் பிள்ளைக்கு



பழைய கணினி, செல்போன், ரேடியோ ஆகியவற்றைத் துடைத்துச் சீர்செய்து இன்னொருவர் கைக்கு அனுப்பும் தொழிலுக்கு நீ வந்திருக்கிறாய். சென்னை ரிச்சி தெருப் பக்கத்துப் பட்டறைகளில் என் காலம் கழிந்தது. அங்கே புதிதாக வரும் பிள்ளையிடம் முதலில் கொடுக்கிற வேலை, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து அடியில் தங்கும் பசையைத் துடைப்பது. சின்ன வேலைதானே என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் நல்ல நிலையில் வந்து பழுதாகித் திரும்பிய பொருள்களை நான் அதிகம் பார்த்தது அந்த மேசையில்தான். கை தேர்ந்தவர்களும் அங்கே தவறியிருக்கிறார்கள். அவர்களுக்குத் திறமை இருந்தது, நிதானம் இல்லாமல் போயிற்று. அந்த நிதானத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1. உரிப்பதற்கு முன் படி.

ஸ்டிக்கர் என்றாலே குப்பை என்று எண்ணிக் கையை வைக்காதே. விலைச் சீட்டும் விளம்பரச் சீட்டும் போகட்டும். வரிசை எண், செல்போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண், பிஐஎஸ் பதிவு எண் ஆகியவை உள்ள சீட்டு அந்தப் பொருளின் அடையாளம், அதைத் தொடாதே. விண்டோஸ் எக்ஸ்பி முதல் விண்டோஸ் 7 வரை உள்ள மடிக்கணினிகளின் அடியில் 25 எழுத்துகள் கொண்ட சாவி எண் ஒட்டியிருக்கும். 2012இல் விண்டோஸ் 8 வந்த பிறகுதான் அது கணினிக்குள்ளேயே பதியத் தொடங்கியது. வன்தட்டின் மேலிருக்கும் வெள்ளி நிறத் துண்டை உரித்தால் உள்ளே தூசி புகும். தகவல் அத்தனையும் போய்விடும். பழைய ஈபிராம் சில்லின் நடுவே ஒரு கண்ணாடிச் சாளரம் உண்டு. அதன் மேல் ஒட்டிய சீட்டு, உள்ளே இருக்கும் நிரலை ஒளியிலிருந்து காக்கிறது. நேர் வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரம் கிடந்தால் நிரல் அழிந்துவிடும். நூற்பாலை இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகை ஒன்றைச் சுத்தமாக்குகிறேன் என்று ஒரு தோழர் அந்தச் சீட்டை உரித்துவிட்டு, பலகையை வெயில் விழும் சன்னலோரம் வைத்துவிட்டார். பலகை பளபளத்தது, இயந்திரம் ஓடவில்லை. ஒட்டியிருப்பது ஏன் ஒட்டியிருக்கிறது என்று தெரியாதவரை அது அங்கேயே இருக்கட்டும்.

2. உடையவரைக் கேள்.

நமக்கு அழுக்காகத் தெரிவது அவர்களுக்கு அருமையாக இருக்கலாம். பள்ளி ஆசிரியை ஒருவர் தம் மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். மூடி முழுவதும் நட்சத்திர ஸ்டிக்கர்கள், பாதி கிழிந்து ஓரமெல்லாம் கறுத்திருந்தன. துடைத்துத் தந்தால் மகிழ்வார் என்று ஒரு பையன் தயாரானான். எங்கள் மேஸ்திரி தடுத்து, “அம்மாவைக் கேட்டுட்டு வாப்பா” என்று அனுப்பினார். பிரிந்து போன ஒரு வகுப்புப் பிள்ளைகள் கடைசி நாளில் ஒட்டியவை அவை என்று அந்த அம்மா சொன்னார். ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம் ஆகும். பொருள் நம் மேசையில் இருந்தாலும் அது நம்முடையது ஆகிவிடாது.

3. மின்சாரத்தைப் பிரித்துவிட்டு உட்கார்.

ஈரத்தைக் கையில் எடுக்கும் முன் பொருளை அணை, செருகியைப் பிடுங்கு, கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்று. தூக்க நிலையில் இருக்கும் மடிக்கணினி அணைந்தது போலத் தோன்றும். உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். துடைத்து முடித்த பிறகும் நன்றாக உலரும்வரை காத்திரு. வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார் என்பதற்காக ஈரத்தோடு இயக்காதே. அவரிடம் இன்னும் கால் மணி நேரம் கேட்பது அவமானம் இல்லை.

4. பரப்பை அறிந்துகொள்.

பசையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். நீ பசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேள். கண்ணாடி பலவற்றைத் தாங்கும். வண்ணம் பூசாத உலோகமும் ஓரளவு தாங்கும். பிளாஸ்டிக்கில் அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பல கருவிகளின் உறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஏபிஎஸ், பிசி, பிஎஸ் என்று அச்சில் வார்த்த எழுத்துகள் இருக்கும். ஏபிஎஸ் கணினி உறைகளில் மிகுதி. பிசி என்பது பாலிகார்பனேட். பிஎஸ் என்பது பாலிஸ்டைரீன், எல்லாவற்றிலும் பூஞ்சை. ரேடியோவின் அலைவரிசை முகப்பு போன்ற தெளிந்த சன்னல்கள் பெரும்பாலும் அக்ரிலிக். எழுத்து தெரியவில்லையா? வெளியில் தெரியாத ஒரு மூலையில், பேட்டரி மூடியின் உட்புறத்தில், ஒரு சொட்டு வைத்துச் சிறிது நேரம் பார். நிறம் துணியில் ஏறினாலோ, இடம் வெளுத்தாலோ, ஒட்டிக்கொண்டு இழுத்தாலோ அந்தத் திரவம் உனக்கு ஆகாது. எழுபது வயது மேஸ்திரியும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் தொடங்குவார். அனுபவம் அதிகமானவருக்குத்தான் சோதித்துப் பார்க்கும் பணிவு அதிகம் என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

5. வெறும் விரலில் தொடங்கு.

மருந்துப் பாட்டிலைத் தேடுமுன் உன் கட்டைவிரலை நம்பு. சீட்டின் ஒரு மூலையை நகத்தால் மெல்ல எழுப்பி, அதை அதன் மேலேயே மடித்து, பரப்பை ஒட்டியபடி மெதுவாக இழு. நேராக மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் காகிதம் கிழிந்து பசை தங்கிவிடும். தங்கிய பசை புதிதாக இருந்தால் விரல்நுனியால் ஒரே திசையில் உருட்டு. சிறு உருண்டைகளாகத் திரண்டு வந்துவிடும். புதிய ஒட்டுநாடாத் துண்டை அதன் மேல் அழுத்தி எடுத்தாலும் பசை பசையோடு போகும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். கை வலிக்கிறது என்று பாட்டிலை எடுக்கிறவன்தான் பிறகு விளக்கம் சொல்ல வேண்டி வரும். பதறாத காரியம் சிதறாது.

6. சூட்டைக் கொடு, அளவோடு கொடு.

ஸ்டிக்கர் பசை சூட்டில் இளகும், குளிரில் இறுகும். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டு. சூடான இடத்தில் புறங்கையை வைத்துப் பார். கையை எடுக்கத் தோன்றினால் பொருளுக்கும் அது அதிகம். ஏபிஎஸ் ஏறத்தாழ 105 டிகிரியில்தான் தளரும், ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரிக்கும் திரைக்கும் 60 டிகிரியே ஆபத்தின் வாசல். சில்லுகளைக் கழற்றும் ஹாட் ஏர் கருவி மேசை மீது இருக்கவே இருக்கிறது என்று அதைத் திருப்பிக் காட்டாதே. அதன் காற்று பல நூறு டிகிரி வரை போகும். அவசரத்தில் ஒருவர் அதைச் செல்போன் முதுகில் காட்டியதும் உறை நெளிந்து போனதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். நெளிந்த உறையை நிமிர்த்த வழியே இல்லை.

7. மெல்லியதை முதலில், வலியதைக் கடைசியில்.

காகிதச் சீட்டாக இருந்தால், வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கழற்றி வைத்த உறையின் மேல் சிறிது நேரம் போட்டு வை. காகிதம் ஊறித் தானே வரும். மிஞ்சும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். தலைக்கு எண்ணெய் வைத்து ஊற விடுவது போல இதையும் ஊற விடு, தேய்த்துக்கொண்டே இருக்காதே. எண்ணெய் பசைக்குள் இறங்கி அதன் பிடியைத் தளர்த்த நேரம் வேண்டும். பிறகு வழித்தெடுத்து, சோப்பு நீர்த் துணியால் எண்ணெயை முழுவதும் போக்கு. எண்ணெய் தங்கினால் தூசி வந்து உட்காரும். விசைப்பலகை இடுக்கு, ஒலிபெருக்கி ஓட்டை, சார்ஜ் போடும் துளை இவற்றின் பக்கம் எண்ணெயைக் கொண்டு போகாதே. ரப்பர் பொத்தான்களிலும் வேண்டாம். ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பும். நீலகிரித் தைலம் பசையை வேகமாகக் கரைக்கும் என்பது உண்மைதான். அதைக் கண்ணாடிக்கும் வண்ணமில்லாத உலோகத்துக்கும் மட்டும் வைத்துக்கொள். பாலிஸ்டைரீன் உறையை அது தின்றுவிடும்.

8. திரவம் துணிக்கு, பொருளுக்கு இல்லை.

எண்ணெயிலும் போகாத பிசுக்குக்குத்தான் ஐபிஏ என்று கடைகளில் கேட்டு வாங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உறையைத் துடைக்க 70 சதவீதம் போதும். மின்சுற்றுப் பலகைக்கு நீர் குறைந்த 99 சதவீதம் நல்லது. இதைப் பொருள் மேல் ஊற்றாதே, தெளிக்காதே. துணியின் நுனியில் சில சொட்டு விட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றித் துடை. துளைகள் இருந்தால் அவற்றை முதலில் நாடாவால் மூடு. திரவம் துளைப் பக்கம் வடியாதபடி பொருளைச் சாய்த்துப் பிடி. துணியின் அழுக்கான பக்கத்தை அடிக்கடி மாற்று, இல்லாவிட்டால் ஒரு இடத்துப் பசையைப் பரப்பெங்கும் பூசிக்கொண்டிருப்பாய். அச்சிட்ட எழுத்துகளை விட்டு விலகு. அவை பசையைவிட முன்னால் போய்விடும். கைகழுவும் சானிடைசர் இதற்கு மாற்று ஆகாது. அதில் கலந்த கிளிசரின் இன்னொரு பிசுக்கை விட்டுச் செல்லும். ஐபிஏ ஏறத்தாழ 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடியது. சென்னையில் எந்த நாளும் அதைவிடச் சூடுதான். சன்னலைத் திறந்து வை. சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுவத்தியையும் சூடான சால்டரிங் அயனையும் தள்ளி வை.

9. கரைப்பானுக்குக் கண் கிடையாது.

தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி மூன்றையும் இந்த வேலையிலிருந்து விலக்கி வை. நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றிலும், பலவகைத் தின்னர்களிலும் அசிட்டோன் இருக்கும். ஏபிஎஸ், பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன், அக்ரிலிக் நான்கையும் அசிட்டோன் கெடுக்கும். பசை எது, உறை எது என்று அதற்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெரியவர் தம் தகப்பனாரின் வால்வு ரேடியோவைக் கொண்டுவந்தார். முகப்பில் ஏதோ கடையின் பெயர்ச் சீட்டு இருந்தது. வழியில் யாரோ தின்னர் தடவச் சொன்னார்களாம், அவரும் தடவிவிட்டார். சீட்டு போய்விட்டது, அதோடு முகப்பும் பால்போல் வெளுத்து, அதில் நிலையங்களைக் குறித்த ஊர்ப்பெயர்கள் ஒன்றும் தெரியாமல் போயின. அதை மாற்ற எங்களிடம் துண்டு இல்லை, எங்கும் இல்லை. அக்ரிலிக்குக்கு ஐபிஏகூட ஆகாது. அன்றைக்கு நன்றாகத் தெரியும், நாள் போனால் மெல்லிய விரிசல்கள் ஓடும். உன் மேசையை விட்டுப் போன பிறகு தெரியவரும் கேட்டுக்கும் நீதான் பொறுப்பு.

10. கூரான எதையும் தொடாதே.

பிளேடு, கத்தி, திருப்புளி, இரும்புநார் எதுவும் வேண்டாம். காலாவதியான ஏடிஎம் அட்டையின் ஓரம் போதும். அதையும் மென்துணியில் சுற்றிக்கொண்டு படுக்கையாகப் பிடித்துத் தள்ளு. கறையை அழிக்கும் வெள்ளை மெலமைன் பஞ்சு கைக்கு மெத்தென்று இருக்கும். உண்மையில் அது நுண்ணிய உப்புத்தாள். பளபளப்பான உறையில் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மங்கிவிடும். பற்பசையும் அப்படியே. பசை தங்கிய பொருள் விலைபோகும், கீறல் விழுந்த பொருள் விலை குறையும். கையில் கோபம் ஏறுவதை உணர்ந்தால் பொருளைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்து வா.

11. திரையைத் தனியாக மதி.

செல்போன் கண்ணாடியின் மேல் விரல் எண்ணெய் படியாதிருக்க ஒரு மெல்லிய பூச்சு உண்டு. பல மடிக்கணினித் திரைகளின் மேற்பரப்பு கண்ணாடியே இல்லை. ஒளி மின்னாதிருக்கச் செய்த பிளாஸ்டிக் படலம் அது. கேமரா வில்லைக்கும் பூச்சு உண்டு. இங்கே மைக்ரோஃபைபர் துணியில் காய்ச்சி வடித்த நீரைச் சிறிது தொட்டு, அழுத்தாமல், பொறுமையாக ஒற்று. காகிதக் கைக்குட்டையால் தேய்க்காதே, மரக்கூழில் செய்த அது மென்மையான படலத்தைக் கீறும். நீரால் போகாவிட்டால் தயாரித்தவர் தந்த கையேட்டைப் பார். அவர் அனுமதித்ததைத் தவிர வேறு திரவம் திரைக்கு வேண்டாம். ஓரத்தில் ஒரு துளி பசை இருந்தாலும் படம் தெரியும்.

12. எல்லாப் பிசுக்கும் ஸ்டிக்கர் பிசுக்கு இல்லை.

கைக்கு மெத்தென்று இருக்கும்படி ரப்பர் போன்ற பூச்சு அடித்த பழைய கருவிகள் உன்னிடம் வரும். ஆண்டுகள் போனால் காற்றின் ஈரப்பதத்தால் அந்தப் பூச்சே சிதைந்து பிசுபிசுக்கும். அதைப் பசை என்று நினைத்துத் துடைத்தால் துணி கறுத்துக்கொண்டே வரும், முடிவே இராது. அங்கே உரிமையாளரிடம் நிலைமையைச் சொல்லு. பூச்சை முழுவதும் எடுப்பதா, விடுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். அதுபோலவே, பழைய வெள்ளை உறையில் ஸ்டிக்கரை எடுத்ததும் கட்டமாக ஒரு வெளிர்த் தடம் தெரியும். சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெளிச்சத்தில் பழுத்து மஞ்சளாகியிருக்கும். சீட்டுக்கு அடியில் இருந்தது மட்டும் பழைய நிறத்தோடு தப்பியிருக்கும். தேய்த்தால் போகாது, ஏனென்றால் அங்கே அழுக்கே இல்லை. ‘போதும்’ என்று கையை எடுக்கத் தெரிவதும் கைத்தொழிலில் ஒரு பாடம்.

13. உன் பாட்டிலுக்கும் பெயர் எழுது.

தண்ணீர் பாட்டிலில் ஐபிஏ ஊற்றி வைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. நீ அதைச் செய்யாதே. வெயில் நேரத்தில் தாகத்தோடு வரும் ஒருவர் கைநீட்டி எடுத்தால் உயிருக்கே ஆபத்து. எங்கள் இடத்தில் ஒருவர் வாய்வரை கொண்டுபோய், வாடை பட்டு நிறுத்தினார். அன்று மாலையே எல்லாப் பாட்டில்களுக்கும் பெயர் எழுதினோம். ஈரத்துணிகளை மூடியுள்ள உலோக டப்பாவில் போடு. வேலை முடிந்ததும் மேசையைத் துடை, கையைக் கழுவு.

14. கண்டதைச் சொல், செய்ததைச் சொல்.

பொருள் கைக்கு வந்ததும் முதலில் படம் எடு. ஏற்கெனவே இருக்கும் கீறலை உடையவருக்குக் காட்டு. வேலையில் ஏதாவது கெட்டுவிட்டால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீ சொல். ஒரு நல்ல மேஸ்திரியை நான் மதித்ததற்குக் காரணம் அவர் கைவேகம் இல்லை. உறையில் ஒரு எழுத்து அழிந்துபோனதற்காகத் தாமே வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டி, கூலி வாங்காமல் அனுப்பினார். அந்த வாடிக்கையாளர் அடுத்த முறை தம் வீட்டார் அத்தனை பேரின் செல்போன்களையும் அவரிடம்தான் கொண்டுவந்தார். நம்பிக்கை இப்படித்தான் ஊர் முழுக்கப் பரவும்.

கண்ணு, இவற்றில் பாதியை நீ மறந்துவிடலாம்; திரவங்களின் பெயரை எந்தக் கடையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வரிசையை மட்டும் மறக்காதே: முதலில் விரல், பிறகு சூடு, பிறகு சோப்பு நீரும் எண்ணெயும், கடைசியில்தான் ஆல்கஹால். ஒவ்வொரு படியிலும் நின்று பார். போதுமென்றால் அடுத்த படிக்குப் போகாதே. உன்னிடம் வரும் பொருள்களில் பல, ஒரு மாணவர் பணம் சேர்த்து வாங்கப்போகும் முதல் கணினியாக இருக்கும். அதைப் புதுப்பொருளுக்குரிய மரியாதையோடு கையாளு. பசையை நாளைக்கும் எடுக்கலாம். கரைந்த உறையை யாராலும் திரும்பத் தர முடியாது. சந்தேகம் வந்தால் கையை எடு, யாரையாவது கேள், நாளைக்குச் செய்.